பந்தைப் பார்க்காதவர்

2017 மார்ச் 11, சனிக்கிழமை. சுபஹுக்கு 4.45க்கு எழுந்தேன். தொழுதுவிட்டு வந்து கிணற்றில் நான்கு வாளி தண்ணீர் அள்ளித் தொட்டியை நிரப்பினேன். 6.15க்குத் தேங்காய்ப்பூ ரொட்டி இரண்டு, சம்பல், பிளேன்டீ. 7.00 மணிக்கு மோட்டார் சைக்கிள் சங்கிலிக்கு எண்ணெய் விட்டேன். 8.30க்குச் சந்தை, கீரிமீன் அரைக் கிலோ. பத்து மணியிலிருந்து லுஹர் தொழுகை வரைக்கும் அலுவலகத்திலிருந்து கொண்டுவந்த கோவைகள். பகல் சாப்பாட்டுக்குப் பிறகு ஐம்பது நிமிடத் தூக்கம். அஸர் தொழுதுவிட்டு, வெள்ளைச் சேட்டுப் போட்டுக்கொண்டு, மூன்று பேனா, ஒரு அடிமட்டம், புள்ளித்தாள் ஆகியவற்றோடு சரியாக நான்கு மணிக்குக் கடற்கரை வீதிக்குப் புறப்பட்டேன்.

கரையோர லீக்கின் இரண்டாம் பிரிவில் அன்று கடைசிக் கூடைப்பந்துப் போட்டி. எங்கள் கல்முனை அணியும் காரைதீவு அணியும் ஆடின. வெல்கிறவர்கள் முதலாம் பிரிவுக்குப் போவார்கள். நான் புள்ளிப் பதிவாளர். என் வலப்பக்கத்து நாற்காலியில், பதினோரு பருவமாக இருந்ததைப் போலவே, நேரம் பிடிக்கும் அவர் இருந்தார், ஊரே அண்ணன் முறையில் காக்கா என்று கூப்பிடுகிற மனிதர்.

அவரை நினைத்தால் எனக்கு முதலில் வருவது அவருடைய இடது காது. பெரிய காது, மடலில் நரை முடி இரண்டு மூன்று. அவ்வளவு காலம் பக்கத்தில் இருந்தும் அவர் முகத்தை நேரே பார்த்த நேரம் குறைவு. ஆட்டம் தொடங்கினால் அவருடைய முகம் நடுவர் நிற்கும் பக்கம் இருக்கும். நடுவர் ஓடினால் முகமும் மெதுவாகப் போகும், தட்டில் ஊற்றிய தண்ணீர் சாய்ந்த பக்கம் போவதைப் போல. இடது கையில் நிறுத்தற் கடிகாரம், பெருவிரல் பொத்தானில். அது பத்து நிமிடத்திலிருந்து பூச்சியத்துக்குப் பின்னோக்கி ஓடும். பூச்சியம் வந்ததும் பக்கத்தில் தொங்கும் பழைய லொறிச் சக்கர வளையத்தில் இரும்பால் ஒரு அடி. அதுதான் அவருடைய வேலை.

பந்தை அவர் பார்ப்பதே இல்லை. ஒருமுறை பந்து கோட்டுக்கு வெளியே பறந்து வந்து நேரே அவர் மார்பில் மோதியது. அப்போதும் நடுவரின் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். இடைவேளை வந்த பிறகுதான், "தம்பி, என்னமோ வந்து பட்டிச்சி, என்ன அது?" என்று என்னிடம் கேட்டார்.

"பந்து, காக்கா."

"அப்ப சரி," என்று மார்பைத் தடவிக்கொண்டார்.

பதினோரு பருவத்தில் ஒரு பந்து வளையத்துக்குள் விழுந்ததை அவர் கண்டதில்லை. போட்டி முடிந்து இருவரும் சைக்கிளை உருட்டிக்கொண்டு வரும்போது, "ஆரு வெண்ட?" என்று கேட்பார். சொன்னால் தலையாட்டுவார். மறுநாளே மறந்துவிடுவார். ஒரு தடவை சாய்ந்தமருது அணியின் தலைவரைச் சந்தையில் கண்டு, கையைப் பிடித்துக்கொண்டு, "மாஷா அல்லாஹ், நேத்து நல்லா வெளயாடினீங்க," என்றார். அவர்கள் முப்பத்தொரு புள்ளி வித்தியாசத்தில் தோற்றிருந்தார்கள். "காக்கா நக்கலடிக்காரு" என்று அந்த மனிதர் ஒரு மாதம் சொல்லித் திரிந்தார்.

அக்கரைப்பற்று ஆள் ஒருவர் தளத்தின் பாதியில் நின்று எறிந்த பந்து விழுந்த நாளும் உண்டு. அதைப் பார்த்ததாகச் சொல்பவர்களின் தொகை வருடா வருடம் கூடிக்கொண்டு போகிறது. எல்லோரும் உண்மை சொன்னால் அன்று கடற்கரையில் நிற்க இடம் இருந்திருக்காது. அவர் அந்த ஆளிலிருந்து ஐந்து மீற்றரில் இருந்தார். தேநீர்க்கடையில் யாரோ வேண்டுமென்றே, "காக்கா, அந்தப் பந்து எப்பிடிப் போன?" என்று கேட்டார்கள்.

"அதுவா? அது போகக்குள்ள நாலு நிமிசம் பதினொரு செக்கன் இரிந்திச்சி," என்றார் அவர்.

கடை முழுக்கச் சிரித்தது. அவரும் சேர்ந்து சிரித்தார். எதற்கென்று விளங்கிச் சிரித்தாரா என்று எனக்குத் தெரியாது.

இரண்டாம் பிரிவு என்றால் என்னவென்று கரைக்கு வெளியே உள்ளவர்களுக்குச் சொல்ல வேண்டும். மருதமுனையிலிருந்து பொத்துவில் வரை எட்டு அணிகள். முதலாம் பிரிவில் ஆடுகிறவர்களுக்கு மாதச் சம்பளம், கூரை போட்ட தளம், சுவரில் மின்சாரக் கடிகாரம். எங்கள் பிரிவு தொழிலுமில்லை, விளையாட்டுமில்லை, இரண்டுக்கும் நடுவில் ஒரு சங்கதி. போட்டிக்கு பஸ் காசு, ஒரு புரியாணிப் பார்சல், பருவத்துக்கு ஒரு சோடிச் சப்பாத்து. சப்பாத்தும் கழகத்துக்குச் சொந்தம். ஆடுகிறவர் விலகினால் அதே அளவுக் கால் உள்ள அடுத்த ஆளுக்குப் போகும். லொறியில் சாமான் ஏற்றுகிறவர், ஐஸ் உடைக்கிறவர், கைத்தறியில் இருக்கிறவர், டியூசன் வாத்தியார் என்று எல்லா வேலைக்காரரும் அந்தச் சப்பாத்துகளில் ஓடினார்கள்.

தளம் சுனாமிக் கடலலைக்குப் பிறகு வீடு கட்டக் கூடாதென்று விட்ட மணற்பட்டியில் இருக்கிறது. சீமெந்துத் தரை. உப்புக்காற்றில் வளையம் துருவேறும். வளையத்தின் வலையை மீனவர்கள் தங்கள் நூலிலேயே பின்னித் தருவார்கள். பந்து அதில் விழும்போது ஒரு மீன் துள்ளி அடங்குவதைப் போலச் சத்தம் கேட்கும். அந்தத் தரை வருடம் முழுக்க எங்களுக்குச் சொந்தமில்லை. தை மழை விட்டதும் பருவம் தொடங்கும். பெரும்போக வெள்ளாமை வெட்டி நெல் வரத் தொடங்கினால் தரை காயப்போடுகிறவர்களுக்கு. அதற்குள் முடித்துவிட வேண்டும். அந்த வருடம் 12ஆம் திகதி ஞாயிறு காலை எட்டு மணிக்கு நெல் வருவதாகப் பேச்சு. அதனால்தான் கடைசிப் போட்டி 11ஆம் திகதி.

எங்கள் லீக்குக்கே உரிய வழக்கம் ஒன்று உண்டு. மாலைத் தொழுகைக்கு அழைக்கும் மஃரிப் பாங்கு தொடங்கினால் ஆட்டம் நிற்கும். ஆனால் விசில் ஊதுவதில்லை. பாங்கு ஒலிக்கும்போது விசில் சத்தம் கூடாது என்று முதல் பருவத்திலேயே பேசி முடிவானது. நடுவர் ஒரு கையை மேலே தூக்குவார், அவ்வளவுதான். அதைக் கண்டவுடன் கடிகாரம் நிற்க வேண்டும். இந்துக்கள் வாழும் காரைதீவின் தளத்தில் ஆடும்போதும் அடுத்த ஊர்ப் பள்ளிவாசலின் பாங்கு காற்றில் வந்தால் அதே கை, அதே மௌனம். எட்டு அணிக்கும் அவரைத் தவிர வேறு யாரும் நேரம் பிடிக்க வேண்டாம் என்று இருந்ததற்குக் காரணம் இதுதான். சத்தமில்லாத ஒரு கையை ஒருநாளும் தவறவிடாத ஆள் அவர் ஒருவர்தான்.

இந்தப் பழக்கம் அவருக்கு விளையாட்டில் வந்ததல்ல. அவர் முன்பு வட்டவிதானையாராக இருந்தவர். வயல்களுக்கு வாய்க்கால் தண்ணீரை முறை வைத்துத் திறந்து சாத்துகிற பொறுப்பு. மழை பொய்த்த ஒரு சிறுபோகத்தில் அவருடைய சொந்தத் தம்பியின் முறை முடிந்தபோது வயலில் பாதிக்கு மேல் தண்ணீர் ஏறியிருக்கவில்லை. தம்பி வாய்க்கால் கதவடியில் வந்து நின்று, "காக்கா, அரை மணித்தியாலம் உடுங்க, ஒங்களுக்குப் புண்ணியமாப் போகும்," என்று கெஞ்சியிருக்கிறார். இவர் வயலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, கடிகாரத்தைப் பார்த்து, கதவைச் சாத்தியிருக்கிறார். தம்பி இவருடைய மகளின் கலியாணத்துக்கும் வரவில்லை.

இதை அவர் எனக்குச் சொன்னது ஒரு மழை இடைவேளையில், மேசைக்கு மேல் தறப்பாளைப் பிடித்துக்கொண்டு நின்றபோது. "வயலப் பாத்தா கதவு சாத்த மனசு வராது தம்பி. அதான் நான் பாக்கிறல்ல. பந்தும் அப்பிடித்தான். பாத்தா கை சுணங்கும்."

அவர் பெருமையாகவும் சொல்லவில்லை, வருத்தமாகவும் சொல்லவில்லை. அன்று எனக்கு அது கல்நெஞ்சாகப்பட்டது. தறப்பாளின் என் பக்கத்து முனையை இறுக்கிப் பிடித்தபடி வேறு எங்கோ பார்த்துக்கொண்டு நின்றேன்.

இனி அந்தச் சனிக்கிழமை. எங்கள் அணியின் தலைவர் றிஸ்வான், என் தங்கச்சியின் மாப்பிள்ளை. முப்பத்திரண்டு வயது. சீமெந்துக் கடையில் லொறிக்கு மூடை ஏற்றுகிற வேலை. அந்த வருடம் நாரி நோவில், இடுப்பை நிமிர்த்த முடியாமல், இரண்டு கிழமை படுத்தும் கிடந்தவர். அணி மேலே போனால் பத்துப் பேருக்கும் மாதச் சம்பளம் என்று அரிசி ஆலை முதலாளி வாக்குக் கொடுத்திருந்தார். றிஸ்வானுக்கு இன்னொரு பருவம் உடம்பில் இல்லை என்பது அவருக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும்.

நடுவர் பொத்துவிலிலிருந்து வந்தவர். ஆட்டம் 4.32க்குத் தொடங்கியது. கடைசிக் கால்பகுதி முடியும் தறுவாயில் வெளிச்சம் ஒரு மாதிரி மஞ்சளாகி, பிறகு சாம்பலாகி, கடலும் வானமும் எங்கே பிரிகின்றன என்று தெரியாத நேரம் வந்தது. மறுநாள் பூரணை. நிலா கடலுக்கு மேலே ஒரு பனை உயரத்துக்கு வந்துவிட்டிருந்தது. கிழக்குப் பக்கத்து வளையத்துக்குச் சற்று மேலே, பெரிதாக, இன்னும் வெளிச்சம் பிடிக்காமல், தண்ணீரில் ஊறிய காகிதத்தைப் போல. கழுத்தெல்லாம் உப்பு. பார்த்தவர்கள் கதைப்பதும் தூரத்தில் யாரோ கதைப்பதைப் போல இருந்தது.

நாங்கள் ஒரு புள்ளி முன்னே. பந்து காரைதீவின் கையில். அவர்களின் உயரமான ஆள் வலது மூலையிலிருந்து பந்தை எறிந்தார். பந்து மிக உயரமாகப் போனது. போன பந்து நிலாவின் நடுவில் வந்து நின்றது. நின்றது என்றே எழுதுகிறேன். அது நிற்காது என்று எனக்குத் தெரியும். பிறகு இறங்கி, வளையத்தின் விளிம்பில் இரண்டு முறை தட்டி, எங்கள் ஆளின் விரலில் பட்டுக் கோட்டுக்கு வெளியே போனது. அதே கணத்தில் பெரிய பள்ளிவாசலின் பாங்கு தொடங்கியது. நடுவர் கையைத் தூக்கினார்.

நான் கையைக் கண்டேன். உடனே கடிகாரத்தைப் பார்த்தேன். அது என் பழக்கம். நாலு விநாடி இருந்தது.

அவருடைய பெருவிரல் அசையவில்லை. திரும்பிப் பார்த்தேன். பதினோரு பருவத்தில் முதல் தடவையாக அவருடைய இடது காது எனக்கு எதிரே இல்லை. அவர் முகம் வளையத்துக்கு மேலே, பந்து போய்விட்ட இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. வாய் சற்றுத் திறந்திருந்தது. கடிகாரத்தில் மூன்று. அவர் கை என் கைக்கு ஒரு சாண் தூரத்தில் இருந்தது. தட்டினால் போதும். இரண்டு. நான் தட்டவில்லை. ஒன்று. பிறகு பூச்சியம்.

பாங்கு முடிய மூன்று நிமிடத்துக்கு மேல் ஆனது. ஒரு பள்ளி முடிக்க அடுத்த பள்ளி தொடங்கியது. ஆடுகிறவர்கள் நின்ற நின்ற இடத்தில் நின்றார்கள். அவர் மெதுவாகக் குனிந்து கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு நடுவரின் கையைப் பார்த்தார். மறுபடியும் கடிகாரம். என்னைப் பார்க்கவில்லை.

கடைசிப் பாங்கு ஓய்ந்ததும் எங்கள் கழகச் செயலாளர் மேசைக்கு ஓடி வந்து எட்டிப் பார்த்தார். பூச்சியங்களைக் கண்டதும் இரண்டு கையையும் தூக்கி, "முடிஞ்சி! வெண்டுட்டம்டா!" என்று கத்தினார். ஆட்கள் தரைக்குள் இறங்கினார்கள். அவர் "இல்ல, இல்ல" என்று சொன்னது எனக்கு மட்டும்தான் கேட்டது.

பாயை விரித்து நாங்கள் தொழுதோம். காரைதீவு ஆட்கள் மதிலில் உட்கார்ந்து பைகளைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். தொழுகை முடிந்து சலாம் கொடுத்ததுமே அவர் எழுந்து, தொப்பியைக் கழற்றாமல், மதிலடிக்குப் போனார். சத்தம் போட்டுக் கதைக்கத் தெரியாத ஆள். அன்று கதைத்தார்.

"ஆட்டம் முடியல்ல. ரெஃப்ரி கையத் தூக்கினத்த நான் காணல்ல. வோச் சும்மா ஓடிட்டு. நான் பந்தப் பாத்துட்டன்."

முதலில் யாருக்கும் விளங்கவில்லை. பிறகு எல்லோருக்கும் ஒரே நேரத்தில் விளங்கியது.

"காக்கா, பதினோரு வரிசமாப் பாக்காத பந்த இண்டெக்கித்தானா பாத்த?" என்றது ஒரு குரல்.

"காரதீவில திண்ட சோறு செமிக்கல்ல போல!"

"ஆளுக்குக் கண்ணும் போயிட்டு, மூளையும் போயிட்டு, வீட்ட கூட்டிட்டுப் போங்கடா!"

றிஸ்வான் நாரியில் கையை ஊன்றிக்கொண்டு நின்றார்.

நடுவர் அமைதியாக வந்து, "எத்தின செக்கன் காக்கா?" என்று கேட்டார்.

"தெரியா."

"ஒரு மதிப்புக்குச் சொல்லுங்க."

"தெரியாததச் சொல்லேலா."

காரைதீவின் தலைவர் சுதாகரன், பள்ளிக்கூட ஆசிரியர், மதிலிலிருந்து இறங்கி வந்தார். "நீங்க ஒரு நம்பரச் சொல்லுங்க காக்கா. ஒரு செக்கன் எண்டாலும் சரி, நாங்க ஏத்துக்குறம். ஒங்கட வாயால வந்தாப் போதும்."

"ஒண்டா இரிந்தா ஒண்டு எண்டு சொல்லுவன் தம்பி. ஆறா இரிந்தா ஆறு. நான்தான் அங்க இல்லயே. நான் மேல போயிட்டன்," என்று அவர் வானத்தைக் கையால் காட்டினார். யாரோ சிரித்தார்கள்.

நடுவர் என் பக்கம் திரும்பினார். "நீங்க பக்கத்திலதானே இரிந்த. கண்டீங்களா?"

"இல்ல. நான் தாளப் பாத்துட்டிருந்தன்," என்றேன்.

என் வாயிலிருந்து அது எவ்வளவு இலேசாக வந்தது என்பதுதான் இன்றைக்கும் எனக்கு ஆச்சரியம். காக்கா என்னை ஒரு முறை பார்த்தார். கோபம் இல்லாத பார்வை. கேள்வியும் இல்லை.

நடுவர் புள்ளித்தாளை மடித்துப் பையில் வைத்தார். "இருட்டிப் போயிட்டு. நான் இண்டெக்கிச் சைன் வெக்க மாட்டன். காலையில ஏழு மணிப் பஸ்ஸில ஊருக்குப் போறன். அதுக்கு முன்னுக்கு ஆராவது சரியான கணக்கோட வந்தா, அந்தச் செக்கன வெளயாடி முடிப்பம். வராட்டி கல்முனைக்கு வெற்றி எண்டு சைன் வெக்கிற. சரியா?" என்றார். காரைதீவு ஆட்கள் தூரத்து ஆட்களல்ல. விடிய வந்து நிற்பதாகச் சொல்லிவிட்டுப் போனார்கள்.

நானும் அவரும் வழக்கம்போலச் சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தோம். அதாவது சைக்கிள் அவருடையது. நான் மோட்டார் சைக்கிளை அணைத்து அவரோடு உருட்டினேன். நிலா இப்போது வெளிச்சம் பிடித்திருந்தது. மணலும் மதிலும் ஒரே நிறம். வீதி முனை வரைக்கும் நடந்தோம். நான் திட்டை எதிர்பார்த்தேன். அல்லது, கண்டாயா என்ற கேள்வியை.

"தம்பி," என்றார் கடைசியில். "பந்து அவ்வளவு உசரம் போகுமா?"

"போகும் காக்கா."

"எல்லா நாளும் போறயா?"

"ஓம்."

"அல்லாஹ்வே," என்றார். கொஞ்ச நேரம் நடந்தார். "இவ்வளவு வடிவான வெளயாட்டு எண்டு நீங்க ஒத்தரும் எனக்குச் சொல்லல்லயே."

தன் வீட்டு ஒழுங்கைக்குள் திரும்பும்போது, "நாளெக்கி சுபஹுக்குப் பொறகு கோட்டடிக்கு வாரன். கணக்குக் கிடைச்சாலும் கிடைக்காட்டியும் மேசைய எடுக்கணும். நெல்லு வருது," என்று சொல்லிவிட்டுப் போனார்.

இரவு இஷாத் தொழுகைக்குப் பிறகு தங்கச்சியும் றிஸ்வானும் வீட்டுக்கு வந்தார்கள். தங்கச்சி ஒரு கோப்பை வட்டிலப்பம் கொண்டு வந்திருந்தாள். அண்ணனான என்னை அவள் நானா என்றுதான் கூப்பிடுவாள்.

"நானா, கெழவன் என்னவோ சொல்லட்டும், காலையில ரெஃப்ரி சைன் வெச்சிட்டுப் போயிருவாருதானே?" என்றாள். "இவரு இனி மூட தூக்கத் தேவல்ல. ராவைக்கு இவருட நாரிக்கு எண்ண போட்டுப் போட்டு என்ட கை தேஞ்சி போயிட்டு."

"ஓம்," என்றேன். வட்டிலப்பத்தைச் சாப்பிட்டேன். இனிப்பாக இருந்ததா என்று நினைவில்லை.

தங்கச்சி உள்ளே என் மனைவியோடு கதைக்கப் போனபோது, றிஸ்வான் முற்றத்தில் நின்று, "மச்சான், நீங்க காணலயா?" என்று மெதுவாகக் கேட்டார்.

"இல்ல."

"நீங்க வோச்சில இரிந்து கண்ண எடுக்காத ஆள்."

"தாளப் பாத்துட்டிருந்தன்."

"நல்லம்," என்றார். அவர் முகத்தில் நிம்மதி இருக்கும் என்று நினைத்தேன். இருக்கவில்லை. நாங்கள் இரண்டு பேரும் வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றோம், அங்கே பார்க்க ஏதோ இருப்பதைப் போல.

அன்றைய நாட்குறிப்பை எழுத உட்கார்ந்து, தொடங்கிய நேரம், இடைவேளைப் புள்ளி, தவறுகள் எல்லாம் எழுதினேன். முடிந்த நேரம் என்ற இடத்துக்கு வந்ததும் பேனா நின்றது. எனக்குத் தெரிந்த ஒன்றை எழுதாமல் விட்டு அதுவரை நான் ஒரு நாளையும் மூடியதில்லை. தெரியாததைச் சொல்ல முடியாது என்று நின்ற அந்த மனிதர் தம்பியின் வயலை ஏன் பார்க்காமல் கதவைச் சாத்தினார் என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது. கல்நெஞ்சுள்ளவருக்கு முதுகைக் காட்டத் தேவையில்லை. நான் என் தங்கச்சியின் மாப்பிள்ளையைப் பார்த்துக்கொண்டே அந்த நாலு விநாடியையும் ஓடவிட்டிருந்தேன். குறிப்பை மூடாமல் மேசையில் வைத்துவிட்டுப் படுத்தேன்.

பிறகு நடந்தது ஊருக்கே தெரியும். ஞாயிறு காலை 6.30க்கு நாலு விநாடி ஆட்டம் நடந்தது. பார்க்க வந்தவர்கள் இருபது பேர் இருக்கும். அவர்களில் பாதிப் பேர் நெல் காயப்போட வந்தவர்கள். காரைதீவு அணி பக்கக் கோட்டிலிருந்து பந்தை உள்ளே எறிந்தது. அவர் நடுவரின் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். உயரமான ஆள் பந்தைப் பிடித்தார், திரும்பினார், எறிந்தார். விழுந்தது. லொறி வளையம் அடித்தது. அந்தப் பருவத்தில் மேலே போனது காரைதீவு. சுதாகரன் எங்கள் ஆட்கள் ஒவ்வொருவரிடமும் வந்து கை கொடுத்துவிட்டுத்தான் தன் ஆட்களிடம் போனார். றிஸ்வான் இன்னும் இரண்டு வருடம் மூடை தூக்கினார். பிறகு ஒரு டயர் கடையில் சேர்ந்து இப்போது பரவாயில்லை. தங்கச்சி நோன்புப் பெருநாள் வரைக்கும் என்னோடு கதைக்கவில்லை.

அடுத்த பருவத்திலிருந்து அவர் மேசையில் இருக்கவில்லை. யாரும் நிறுத்தவில்லை, எட்டு அணியும் கேட்டும் வர மறுத்துவிட்டார். மதிலில் ஏறி, பார்க்கிறவர்களோடு இருந்தார். லீக்கின் சரித்திரத்திலேயே அவரைப் போல மோசமான பார்வையாளர் இருந்திருக்க முடியாது. விதி ஒன்றும் தெரியாது. இரண்டு பக்கப் பந்துக்கும் கை தட்டுவார். விழாத பந்துக்கும் தட்டுவார், உயரமாகப் போயிருந்தால். "காக்கா, நீங்க ஆருட பக்கம்?" என்று கேட்டால், "கொஞ்சம் பொறுங்க, அது இன்னும் மேலதான் இரிக்கி," என்பார். மூன்று பருவம் அப்படிப் பார்த்தார். பிறகு ஒரு மழை மாதத்தில் மௌத்தானார். ஜனாஸாவுக்குக் காரைதீவிலிருந்து ஒரு பஸ் நிறைய ஆட்கள் வந்தார்கள்.

நான் சொல்ல வேண்டியது இவற்றுக்கெல்லாம் முந்திய ஒன்று.

2017 மார்ச் 12, ஞாயிறு. சுபஹு தொழுதுவிட்டு 5.35க்குத் தளத்துக்குப் போனேன். அவர் எனக்கு முன்பே வந்து, மேசையிலிருந்த பனியைப் பழைய துண்டால் துடைத்துக்கொண்டிருந்தார். மேற்கே நிலா தென்னைகளுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. கடல் சத்தமே இல்லை.

"நாலு, காக்கா," என்றேன்.

துடைத்த கை நின்றது. "நாலா?"

"நாலு. நேத்தே தெரியும்."

அவர் துண்டை உதறி மடித்தார். ஏன் தட்டவில்லை என்று கேட்கவில்லை. "மச்சானுக்குச் சொன்னீங்களா?" என்றுதான் கேட்டார்.

"இல்ல."

"அப்ப மொதல்ல அங்க போங்க. ரெஃப்ரிக்கி நான் சொல்றன். மச்சான் மத்தாக்கள்ட வாயால கேக்கப்படா."

மோட்டார் சைக்கிளை அங்கேயே விட்டுவிட்டு நடந்து போனேன். தங்கச்சியின் வீட்டுக் கதவு திறந்திருந்தது. றிஸ்வான் வாசற்படியில் குனிந்திருந்து, கழகத்துச் சப்பாத்தின் நாடாவைக் கட்டிக்கொண்டிருந்தார். ஆட்டத்துக்குப் போடும் பனியனைப் போட்டிருந்தார்.

தலையைத் தூக்காமல், "எத்தின?" என்று கேட்டார்.

"நாலு," என்றேன்.